சபைக் கூட்டத்தை ஞாயித்துக்கெழம பெரட்டுக்களத்துல வைங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத்துல ஒரு சின்ன டவுன்ல கொமினிகேஷன் கடை வெச்சிருக்கேன். போட்டோ கொப்பி எடுக்கிறது, லெட்டர் டைப் பண்றது, ஒன்லைன்ல போர்ம் நிரப்புறது, ரீலோட் போடுறது, இதான் பதினஞ்சு வருஷமா பொழப்பு. சுத்துவட்டாரத்து தோட்டத்து சனங்களோட பொறப்பு சர்டிபிகேட்லேருந்து மரண சர்டிபிகேட் வரைக்கும் என் கவுண்டர் மேலதான் போகுது வருது, அதனால யாரு வீட்டுல எந்த பேப்பர் இல்ல, எந்த ஒப்பீஸ்ல எந்த வேலை இழுபடுதுன்னு எனக்கு ஓரளவு தெரியும். உங்க பேப்பர்ல கொஞ்ச நாளா புது அரசியலமைப்பு வரணும், ஜனநாயகத்தை இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி புதுப்பிக்கணும்னு நெறைய பேர் எழுதுறாங்க, எல்லாத்தையும் படிக்கிறேன், நல்ல விஷயம்தான். ஆனா அதுல முக்காவாசி ஜனாதிபதி முறை, பாராளுமன்றம், கொழும்புன்னே போகுது. எங்க லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டு, வாசலுக்கு ரொம்ப கிட்ட இருக்கிற சபையை, அதான் ஊர் பாதை, லைட்டு, குப்பையெல்லாம் பாக்கிற பிரதேச சபையைப் பத்தி யாரும் பெருசா பேசல. அந்த சபைக் கூட்டம் பெரட்டுக்களத்துல, அதான் தோட்டத்துல காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற எடத்துல, நடக்கணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாதான் இருக்கும், முடிஞ்சா முழுசா போடுங்க.

மொதல்ல எங்க அப்பாயியைப் பத்தி சொல்லணும். அவங்க பொறந்தது வளந்தது எல்லாம் ஒரே தோட்டம், ஒரே லயம். அவங்க அப்பா 1947 தேர்தல்ல ஓட்டு போட்டவராம். 1948ல 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு, அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு, 1952 தேர்தல்ல அதே மனுஷனுக்கு ஓட்டு இல்ல, மலையகத்து சனங்க தேர்ந்தெடுத்து அனுப்புன ஆளு ஒருத்தர் கூட அந்த பாராளுமன்றத்துல இல்ல. அப்புறம் 1964ல இலங்கை பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்கன்னு எங்க சனத்தை எங்ககிட்ட கேக்காமலே பிரிச்சாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974ல சரிபாதியா பிரிச்சாங்க. அப்பாயியோட தம்பி தலைமன்னார்ல கப்பல் ஏறி போயிட்டாரு, அப்பாயி இங்கேயே நின்னுட்டாங்க. மனு போட்டு போட்டு காத்திருந்து, 1988ல நாடற்றவங்களுக்கு பிரஜாவுரிமை குடுக்கிற சட்டம் வந்த பொறகுதான் அவங்க பேரு வாக்காளர் இடாப்புல ஏறுச்சு. 1989 பெப்ரவரி தேர்தல்லதான் முதல் ஓட்டு. அப்ப அவங்களுக்கு 53 வயசு. நான் சின்னப் பையன், வீட்டுக்கு வந்து மை பூசுன விரலை எனக்கு காட்டுனது இன்னும் கண்ணுல நிக்குது. அந்த பிரஜாவுரிமை பேப்பரை ஒரு பிஸ்கட் டின்னுல, ஒரு பழைய சேலைத்துண்டுல சுத்தி, அவங்க சாகுற வரைக்கும் வெச்சிருந்தாங்க. இன்னைக்கும் மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதே மாதிரி மடிச்சு மடிச்சு கிழிஞ்ச பேப்பரை லெமினேட் பண்ண எடுத்துட்டு வருவாங்க, நான் அதை ரெண்டு கையாலதான் வாங்குவேன்.

நான் இதை எதுக்கு சொல்றேன்னா, ஓட்டுங்கிறது எங்களுக்கு சும்மா வந்தது இல்ல. ஆனா ஓட்டு கெடச்ச பொறகும் பிரதேச சபை எங்களுக்கு கெடைக்கல. இது வெளியில உள்ளவங்களுக்கு தெரியாது, எங்க ஆளுங்கள்லயே நெறைய பேருக்கு தெரியாது. 1987ஆம் வருஷத்து 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல 33ஆவது பிரிவுன்னு ஒண்ணு, அதை வெச்சு சபை காசை தோட்டத்துக்குள்ள செலவழிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க ஓட்டு போடலாம், எங்க ஆளு மெம்பரா, தவிசாளரா, அதான் சபைத் தலைவரா கூட வரலாம், ஆனா அந்த ஆளால தான் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால ஒரு பாதை போட முடியாது, ஒரு லைட் மாட்ட முடியாது, தொரைகிட்ட, அதான் தோட்டத்து மேனேஜர்கிட்ட, போயி நிக்கணும். இப்படி முப்பது வருஷம் ஓடுச்சு. 2018லதான் அந்த சட்டத்தை திருத்துனாங்க. அதே சமயத்துல ரொம்ப பெருசா இருந்த அம்பகமுவ சபையை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியான்னு மூணாவும், நுவரெலியா சபையை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னு மூணாவும் பிரிச்சாங்க. 2012 கணக்கெடுப்புலயே அம்பகமுவ பிரிவுல மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல சனம், அத்தனை பேருக்கும் ஒரே ஒரு சபைன்னா எப்படி வேலை நடக்கும்? பிரிச்சது சரியான வேலை, அதுக்காக பாடுபட்டவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் நன்றி சொல்லணும்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல் நடந்துச்சு, சபை வந்துச்சு, சனம் சபைக்கு பழகிட்டு வர்ற நேரத்துல 2023 மார்ச்ல காலம் முடிஞ்சுது. தேர்தலுக்கு நாள் குறிச்சு, வேட்புமனு வாங்கி, கட்டுக்காசு கட்டி, எல்லாம் ஆன பொறகு காசு இல்லன்னு தேர்தலை நிப்பாட்டுனாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு மெம்பரும் இல்ல. உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்ல அது மக்களோட அடிப்படை உரிமையை மீறுன செயல்னு தீர்ப்பு சொல்லுச்சு, ஆனாலும் 2025 மே 6ஆம் திகதிதான் ஓட்டு போட முடிஞ்சுது. இந்த ரெண்டு வருஷம் என் கடையில எப்படி தெரிஞ்சுதுன்னா, என் கம்பியூட்டர்ல ஒரு மாதிரி லெட்டர் இருக்கு, பீலியில, அதான் லயத்துப் பொதுக் குழாயில, தண்ணி வரல, பாதை உடைஞ்சிருக்கு, குப்பை எடுக்கல, இதுக்கெல்லாம் அதைத்தான் மாத்தி மாத்தி அடிப்பேன், மேல "கௌரவ உறுப்பினர் அவர்களுக்கு"ன்னு இருக்கும். 2023 மார்ச்சுக்கு பொறகு அந்த வரியை அழிச்சுட்டு "செயலாளர் அவர்களுக்கு"ன்னு போட்டேன். லெட்டர் எழுத வந்த ஆளுங்க, அண்ணே செயலாளர் யாரு, நம்ம பேசுனா கேப்பாரா, தமிழ் தெரியுமான்னு கேப்பாங்க, எனக்கும் தெரியாது. மெம்பர் நல்லவரோ கெட்டவரோ, பஸ்ஸுல பாத்தா கேக்கலாம், கோயில் திருவிழாவுல பாத்தா கேக்கலாம், அடுத்த தேர்தல்ல பாத்துக்கிறோம்னு சொல்லலாம். செயலாளர்கிட்ட அதை சொல்ல முடியாது.

இப்ப சபை வந்திருச்சு. புது முகங்க நெறைய, இளம் ஆளுங்க இருக்காங்க, 25 வீதம் பெண்கள்னு சட்டம் இருக்கிறதால தோட்டத்து பொம்பளைங்களும் உள்ள போயிருக்காங்க, சந்தோசம். எங்க பகுதி சபைக் கூட்டத்தை பாக்கணும்னு நானும் ஒரு நாள் கடையை தம்பிகிட்ட விட்டுட்டு போனேன். வார நாள், காலையில 10 மணி. பின்னால சுவரோரமா பொதுமக்களுக்குன்னு நாலஞ்சு பிளாஸ்டிக் கதிரை, அதுல நான், ஒரு கொந்தராத்துக்காரர், இன்னொரு வயசாளி, மொத்தமே மூணு பேரு. முக்கா மணி நேரம் வரவேற்பும் நன்றியும் போச்சு. ஒரு தோட்டத்து மெம்பர் அக்கா கையில ஒரு சின்ன கொப்பி வெச்சுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தாங்க, அவங்க முறை வந்தப்போ ரெண்டு நிமிஷம் பேசுனாங்க, மலசலகூடம் இல்லாத ரெண்டு லயத்தைப் பத்தி, அதுக்குள்ள டீ வந்திருச்சு. அந்த கொப்பியில அவங்க இன்னும் என்னென்ன எழுதி வெச்சிருந்தாங்களோ. யாரையும் குத்தம் சொல்லணும்னு இதை எழுதல, எனக்கு அன்னைக்கு பஸ்ஸுல திரும்பி வர்றப்போ ஒரே ஒரு விஷயம்தான் மனசுல ஓடுச்சு, அந்த ரெண்டு லயத்து சனத்துல ஒருத்தராவது அங்க உக்காந்திருந்தா டீ வந்தாலும் பேச்சு நின்னிருக்காது.

அவங்க ஏன் வரலன்னு கேக்கலாம். எப்படி வருவாங்க? காலையில பத்து மணிக்கு கொழுந்து எடுக்கிற பொம்பளை மலையில நிக்கிறா. 2024 வர்த்தமானி வந்தப்போ அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,350 ரூபாவா இருந்துச்சு. கூட்டத்துக்கு போனா அன்னைக்கு பேரு, அதான் வேலைக்கு வந்த பதிவு, இல்ல, அன்னைக்கு சம்பளம் போச்சு, பஸ்ஸுக்கும் காசு, மேல உள்ள டிவிசன்ல (தோட்டத்துப் பிரிவுல) இருந்து ரோட்டுக்கு இறங்க த்ரீவீல் பிடிச்சா அதுக்கு தனியா. ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு போயி பின் கதிரையில உக்காந்து மூணு மணி நேரம் வேடிக்கை பாக்க எந்தக் குடும்பத்தால முடியும்? கதவு தொறந்துதான் இருக்கு, ஆனா தொறந்து வெச்சிருக்கிற நேரத்துல எங்க சனம் மலையில இருக்கு. இதுதான் நான் சொல்ல வந்தது. புதுப்பிக்கிறதுன்னா மொதல்ல இந்த நேரத்தையும் இடத்தையும் மாத்துங்க.

ஒவ்வொரு தோட்டத்துலயும் பெரட்டுக்களம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து எங்க சனம் விடியக்காலையில வரிசையா நின்னு, யாரு எந்த மலைக்கு போகணும்னு இன்னொருத்தர் சொல்ல, தலையாட்டிட்டு போன இடம் அது. அதே இடத்துல ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சபைத் தவிசாளரும் மெம்பர்மாரும் செயலாளரும் டீ.ஓவும் (தொழில்நுட்ப உத்தியோகத்தரும்) வந்து உக்காரட்டும். சபைக்கு இந்த வருஷம் எவ்வளவு காசு வந்துச்சு, எந்த வேலைக்கு போச்சு, எங்க டிவிசனுக்கு என்ன கெடச்சுது, ஏன் கெடைக்கலன்னு தமிழ்ல சொல்லட்டும், சனம் கேக்கட்டும். பிரதேச சபைச் சட்டத்துலயே மெம்பர்மாரோட ஊர் ஆளுங்களையும் சேத்து குழு அமைக்கலாம்னு இருக்கு, பட்ஜெட் வரைபை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னும் இருக்கு. புதுசா சட்டம் தேவை இல்ல, ஒப்பீஸ் மேசையில வெக்கிற பட்ஜெட்டை ஒரு கொப்பி எடுத்து பிள்ளைமடுவத்து (தோட்டத்துல கைக்குழந்தைங்களை பாத்துக்கிற எடத்து) சுவர்ல ஒட்டுனா போதும். கொப்பி காசு நான் குடுக்கிறேன், மெய்யாத்தான் சொல்றேன்.

இது நடக்காத காரியம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. கப்பல் ஏறிப் போனாரே அப்பாயியோட தம்பி, அவங்க குடும்பம் இப்ப நீலகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலைதான். அவரு மகன், எனக்கு மாமா முறை, வட்ஸ்அப்ல பேசுவாரு. இந்தியாவுல 1992ல அரசியலமைப்பு 73ஆவது திருத்தம் வந்த பொறகு கிராம சபைன்னு ஒண்ணு, வாக்காளர் இடாப்புல பேரு உள்ள எல்லாருமே அதுல உறுப்பினர், தமிழ்நாட்டுல குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி அன்னைக்கெல்லாம் கூட்டம் போட்டு ஊர் வரவு செலவை வாசிச்சுக் காட்டணும். கேரளாவுல 1996ல மக்கள் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மாநிலத் திட்டக் காசுல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளூர் சபைங்ககிட்ட குடுத்து, எதுக்கு செலவழிக்கணும்னு ஊர் கூடி பேச வெச்சாங்க. மாமா ஒண்ணும் அங்க எல்லாம் தங்கமா நடக்குதுன்னு சொல்லல, சில கூட்டத்துல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு அனுப்பிடுவாங்க, சில கூட்டத்துல சத்தம் போடுறவன் மட்டும்தான் பேசுவான்னு அவரே சொல்றாரு. ஆனா ஒரு வருஷம் ரேஷன் கடை பிரச்சினைக்கு ஊரே உக்காந்து தீர்மானம் போட்டதும் அதே கூட்டத்துலதான். ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரோட வம்சம் நாங்க, அங்க அவருக்கு ஊர்க் கணக்கு கேக்க ஒரு நாள் இருக்கு, இங்க எனக்கு அப்படி ஒரு நாள் இல்ல.

எங்ககிட்ட இல்லாதது அது, ஆனா எங்ககிட்ட இருக்கிறதையும் நாங்க பாவிக்கிறது இல்ல. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் வருஷத்து 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலேருந்து நடைமுறையில இருக்கு. என் அனுபவத்தை சொல்றேன். பக்கத்து தோட்டத்துல ஒரு டிவிசன்ல லயத்துலேருந்து பள்ளிக்கூடத்துக்கு போற பாதை, மழை பேஞ்சா பிள்ளைங்க சப்பாத்தை கையில தூக்கிட்டு போகும், அதுக்கு கொங்கிரீட் போட்டாங்க. நல்லா இருந்துச்சு, ஆனா பீலிக்கரை கிட்ட வந்து அப்படியே நின்னு போச்சு, மிச்சம் பழைய சேறு. காசு முடிஞ்சுன்னு சொன்னாங்க. அந்த டிவிசன்ல ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி என் கடைக்கு போர்ம் ஒண்ணு அடிக்க வந்தப்போ இதை சொல்லுச்சு, நான் சொன்னேன், எஸ்டிமேட்டை கேட்டு பாப்பமேன்னு. ஒரு பக்கத்துல லெட்டர் எழுதுனோம், ஏன் கேக்கிறோம்னு காரணம் சொல்லத் தேவையில்ல, பாதையை போட்ட ஒப்பீஸோட தகவல் அலுவலர் பேருக்கு போட்டா போதும், 14 வேலை நாளுக்குள்ள குடுப்பமா மாட்டமான்னு அவங்க முடிவு சொல்லணும்.

14 நாள் போச்சு, பதில் இல்ல. விடல, குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதான் மேன்முறையீட்டை பாக்கிற அதிகாரிக்கு, மேன்முறையீடு போட்டோம், அதுவும் ஒரு பக்கம்தான். அப்புறம் வந்துச்சு பதில், முழுசா சிங்களத்துல. டவுன்ல மருந்துக் கடை வெச்சிருக்கிற சிங்கள ஐயா ஒருத்தர் உக்காந்து வரி வரியா படிச்சு சொன்னாரு, அவருக்கு கோடி புண்ணியம். பாதை நீளம் 65 மீட்டர்னு இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம மேசன் பாஸ் ஒருத்தர்கிட்ட டேப் இரவல் வாங்கிட்டு போயி, அந்த தங்கச்சி ஒரு முனையை பிடிக்க, லயத்து சின்னப் பசங்க பத்து பேரு கூடவே ஓடி வர, அளந்து பாத்தோம். 52 மீட்டர். மூணு தடவை அளந்தோம், 52தான். சுத்தி நின்ன பொம்பளைங்க ஒரு வார்த்தை பேசல, ஒரு பாட்டி மட்டும் அந்த டேப்பை தொட்டுப் பாத்துட்டு, இதைத்தானா இத்தனை நாளா யாரும் பண்ணலன்னு கேட்டாங்க.

அந்த 13 மீட்டர் எங்க போச்சுன்னு எனக்கு தெரியாது, யாரையும் களவெடுத்ததா நான் சொல்ல வரல, அளவு மாறியிருக்கலாம், கொந்தராத்துக்காரர் வேற இடத்துல செலவழிச்சிருக்கலாம். அளந்ததை போட்டோவோட எழுதி குடுத்தோம். டீ.ஓ வந்து பாத்தாரு. மூணு வாரத்துல மிச்சப் பாதையும் போட்டு முடிச்சாங்க. யாரும் சண்டை பிடிக்கல, ரோட்டை மறிக்கல, கொடி பிடிக்கல. ரெண்டு பக்கம் லெட்டரும் ஒரு டேப்பும்தான். 2022ல கொழும்பு காலிமுகத்திடல்ல லட்சக்கணக்கான சனம் நின்னு ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்புனதை நானும் போன்ல பாத்து அழுதவன்தான், ஆனா அந்த பெரிய கூட்டம் கலைஞ்சு போன பொறகு தினம் தினம் பண்ண வேண்டிய வேலை இதுதான்னு எனக்கு அந்த பாதையிலதான் புரிஞ்சுது.

அதே மாதிரி தபால். எங்க ஆளுங்களுக்கு இன்னைக்கும் சரியான விலாசம் இல்ல. தோட்டப் பேரு, டிவிசன் பேரு, அவ்வளவுதான், வீட்டுக்கு நம்பர் கிடையாது, ஒரே டிவிசன்ல ஒரே பேருல நாலு பேரு இருப்பாங்க. கடிதம் எல்லாம் தோட்டத்து ஒப்பீஸுக்கு வந்து அங்கேருந்து ஆள் மாறி ஆள் மாறி லயத்துக்கு வரணும். நேர்முகப் பரீட்சை திகதி முடிஞ்ச பொறகு கடிதம் கையில கெடச்சு என் கடையில வந்து அழுத பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். வாக்காளர் அட்டையும் இப்படித்தான் வருது. தகவல் கேட்டு போடுற லெட்டருக்கு பதிலும் இப்படித்தான் வரணும், அதனாலதான் நான் பல பேருக்கு என் கடை விலாசத்தை குடுக்கிறேன். ஒரு குடிமகனுக்கு அரசாங்கம் எழுதுற கடிதம் நேரா அவன் கதவுக்கு வரணும், நடுவுல கம்பெனி ஒப்பீஸ் இருக்கக் கூடாது. லயத்துக்கும் காம்பராவுக்கும் (லயத்து அறைக்கும்) நம்பர் போட்டு, பாதைக்கு ஒரு பேரு வெச்சு குடுக்கிறது பெரிய செலவு இல்ல, சபையும் தபால் திணைக்களமும் கிராம சேவகரும் சேந்தா ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சிரலாம். புது சபைங்க பண்ண வேண்டிய முதல் வேலை இதுன்னு நான் நெனக்கிறேன்.

கொழும்புல வேலை பாக்கிற பசங்க விஷயமும் இருக்கு. புறக்கோட்டை கடைங்கள்ல, ஹோட்டல்ல, கார்மென்ட்ல, வீடுகள்ல எங்க பிள்ளைங்க எத்தனை ஆயிரம் பேரு நிக்கிறாங்க, ஓட்டு இங்க தோட்டத்துல. அரச உத்தியோகத்தருக்கு தபால் ஓட்டு இருக்கு, கடையில நிக்கிற பையனுக்கு இல்ல. லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா லீவு கேட்டா முதலாளி முகம் சுளிக்கிறாரு, பஸ்ஸுக்கு போக வர காசு, ராத்திரி பூரா நின்னுட்டே வரணும். இந்த தடவை சபைத் தேர்தலுக்கு என் சொந்தக்காரப் பையனே வரல. முன்கூட்டியே ஓட்டு போடுற முறை ஒண்ணை இவங்களுக்கும் கொண்டு வரணும், தேர்தல் ஆணைக்குழு இதை பாத்தே ஆகணும்.

அடுத்தது சொல்றதுக்கு கொஞ்சம் தயக்கமா இருக்கு, ஆனா சொல்லாம விட்டா நேர்மை இல்ல. எங்க சனம் ஓட்டே இல்லாம கெடந்த காலத்துல ஜனநாயகம் படிச்சது தொழிற்சங்கத்துலதான். 1931ல நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சப்போ அவரு மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டத்துல பாட்டு பாடி சனத்தை சேத்தாங்க. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல தொழிலாளி கோவிந்தன் சூடுபட்டு செத்தாரு, சம்பளம் கேட்ட போராட்டத்துல. தோட்டக் கமிட்டி, தலைவர், மாதர் தலைவி, இதெல்லாம் எங்க சனம் தானா தேர்ந்தெடுத்த பதவிங்க. இன்னைக்கு பல தோட்டத்துல தலைவரை டவுன்ல உள்ள சங்க ஒப்பீஸ் சொல்லி அனுப்புது, இல்லன்னா அப்பா இருந்தாரு இப்ப மகன். மாசா மாசம் சந்தா சம்பளத்துல வெட்டுறாங்க, அந்தக் காசுக்கு கணக்கு எந்த தோட்டத்துல வாசிச்சுக் காட்டுறாங்க? கொழுந்து எடுக்கிறதுல பெரும்பாலும் பொம்பளைங்க, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில எத்தனை பொம்பளைங்க உக்காந்திருக்காங்க? அரசாங்கத்தை மட்டும் புதுப்பிக்க சொல்லிட்டு நம்ம சங்கத்தை அப்படியே வெச்சுக்க முடியாது. கமிட்டித் தேர்தல் ரகசிய வாக்கெடுப்புல, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கட்டும். எல்லா சங்கத்துக்கும்தான் சொல்றேன், எனக்கு எந்த சங்கமும் எதிரி இல்ல, எங்க அப்பா சாகுற வரைக்கும் சந்தா கட்டுனவரு.

மாகாண சபையைப் பத்தி என்ன சொல்றது. மத்திய மாகாண சபைக்கு கடைசியா 2013ல ஓட்டு போட்டோம், 2018ல காலம் முடிஞ்சுது, அதுக்கு பொறகு தேர்தலே இல்ல. எங்க தோட்டப் பாடசாலைங்க பெரும்பாலும் மாகாண சபைக்கு கீழதான் வருது, ஆனா கேக்க ஒரு மெம்பர் இல்ல. ஒரு தேர்தலை இத்தனை வருஷம் நிப்பாட்டி வெச்சுக்கிட்டு புது அரசியலமைப்பு பேசுறது எனக்கு ஒப்பல, இருக்கிறதை மொதல்ல நடத்துங்க.

இதெல்லாம் வெறும் காகித விஷயம்னு யாராவது நெனச்சா மீரியபெத்தையை நெனச்சுக்கங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை இறங்கி லயங்களை மூடுச்சு. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயே எச்சரிச்சிருந்தாங்க. எச்சரிக்கை இருந்துச்சு, போறதுக்கு இடம் இல்ல, இடம் குடுங்கன்னு அந்த சனம் உக்காந்து கேக்கிறதுக்கும், கேட்டதுக்கு பதில் சொல்லியே ஆகணும்னு ஒருத்தர் நிக்கிறதுக்கும் ஒரு சபை அவங்ககிட்ட இல்ல. அப்ப 33ஆவது பிரிவு உயிரோட இருந்த காலம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ மலையகம் மறுபடியும் சரிஞ்சுது. அந்த ராத்திரிங்கள்ல என் போனுக்கு வட்ஸ்அப்ல வந்ததுல எது மெய், எது பொய்யின்னு பிரிக்க முடியல, பழைய வீடியோ, வேற நாட்டு வீடியோ எல்லாம் கலந்து வந்துச்சு, சபையோட பக்கத்துலயோ மெம்பர்மார் பக்கத்துலயோ தமிழ்ல ஒரு தெளிவான அறிவித்தலை தேடித் தேடி கண்ணு வலிச்சுது. பல சபைங்களுக்கு பேஸ்புக் பக்கம் இருக்கு, தொறப்பு விழா போட்டோவும் பொறந்தநாள் வாழ்த்தும் நெறைய இருக்கு. கூட்ட அறிக்கையும், மாசக் கணக்கும், ஆபத்து அறிவித்தலும் தமிழ்லயும் சிங்களத்துலயும் அதுல போடுறதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலைதான். தமிழும் அரச கரும மொழின்னு 1987லயே நம்ம அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்துல எழுதியாச்சு, எங்க தங்கச்சிக்கு வந்த பதில் மட்டும் இன்னும் சிங்களத்துல வருது.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். மலையகத்துல உள்ள ஒவ்வொரு சபையும் எந்த நாள், எத்தனை மணிக்கு கூடுதுன்னு மாசத்துக்கு ஒரு தடவை உங்க பேப்பர்ல ஒரு மூலையில போடுங்க, மரண அறிவித்தல் பக்கத்துக்கு பக்கத்துல போட்டா எல்லாரும் பாப்பாங்க, எங்க சனம் மொதல்ல பாக்கிறது அந்த பக்கம்தான். தகவல் கேக்கிற லெட்டர் ஒண்ணை மாதிரியா ஒரு தடவை முழுசா அச்சடிச்சு குடுங்க, வெட்டி எடுத்து வெச்சுக்குவாங்க.

எங்க சபைக்கு நாங்க ஒரு மனு எழுதியிருக்கோம், மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம் ஞாயித்துக்கெழம பெரட்டுக்களத்துல வைக்கச் சொல்லி. மூணு டிவிசன்ல இதுவரைக்கும் 214 பேரு கையெழுத்து போட்டிருக்காங்க, அதுல கைநாட்டு வெச்ச பாட்டிங்களும் இருக்காங்க. அந்த பாதையை அளந்த தங்கச்சிதான் வீடு வீடா போயி வாங்குச்சு. அடுத்த மாசக் கூட்டத்துக்கு எட்டு பேரு போறோம், ஒரு நாள் பேரு போனாலும் பரவாயில்லன்னு அஞ்சு பொம்பளைங்க வர்றாங்க, வேனுக்கு ஆளுக்கு இருநூறு ரூபா சேத்தாச்சு. பின் கதிரை பத்தாதுன்னா நின்னுக்குவோம்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
ஹட்டன் பகுதி.